மீனுக்குப் பாட்டு கேட்குமா?

கத்தாளை மீனை ஆய்ந்து குழம்பு வைத்தவர்களுக்குத் தெரியும், அதன் தலைக்குள் வெள்ளையாக, பளபளவென்று இரண்டு கற்கள் இருக்கும். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் அதைச் சேர்த்து வைத்து விளையாடுவார்கள். அந்தக் கல் மீனின் காதுக்குள் இருக்கும் உறுப்பு என்பது பலருக்குத் தெரியாது. மீனுக்கு நம்மைப் போல வெளியே தெரியும் காது மடல் கிடையாது, செவித்துளையும் கிடையாது. ஆனால் மண்டை ஓட்டுக்குள் பக்கத்துக்கு மூன்றாக ஆறு செவிக்கற்கள் உண்டு. கத்தாளைக்கு அவற்றில் ஒரு ஜோடி மிகப் பெரியது. அதனால்தான் நம் கண்ணில் படுகிறது. கெண்டைக்கு அவை மிகச் சிறியவை, தேடினாலும் கிடைப்பது கடினம்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கை மகன். வேலையை விட்டுவிட்டு வண்ணமீன் வளர்ப்பில் இறங்கியிருக்கிறான். சென்னை கொளத்தூர் பக்கம் போய் விசாரித்து, தொட்டிகள் கட்டி, கோய் கெண்டைக் குஞ்சுகள் வாங்கி விட்டிருக்கிறான். போன மாதம் போன் செய்து, "மாமா, தண்ணிக்குள்ள ஸ்பீக்கர் வச்சுப் பாட்டுப் போட்டா மீன் சீக்கிரம் வளரும்னு ஒருத்தர் சொல்றாரு. மொத்தமா 40,000 ரூபா ஆகும். போடலாமா?" என்று கேட்டான். கடன் வாங்கித் தொழில் தொடங்கிய பையன். போடு என்றோ வேண்டாம் என்றோ சட்டென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க இதற்குப் பின்னால் இரண்டு நூற்றாண்டுச் சரித்திரம் இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

மீனுக்குக் காது கேட்கும் என்று பழங்காலத்து ஆட்கள் நம்பினார்கள். கிரேக்கத்து அரிஸ்டாட்டில், மீனிடம் காது என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது சத்தத்துக்கு ஓடுகிறது, ஆகவே கேட்கிறது என்று எழுதி வைத்தார். ஐரோப்பாவில் மடங்களிலும் மாளிகைகளிலும் குளம் வெட்டி மீன் வளர்த்தார்கள். மணி அடித்தால் மீன்கள் கரைக்கு வந்துவிடும் என்று அங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நம் கோயில் குளத்துப் படியில் பொரி போடும்போது மீன்கள் முண்டியடித்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியாது.

ஆஸ்திரியாவில் கிரெம்ஸ்மூன்ஸ்டர் என்று ஒரு பழைய கிறிஸ்தவ மடம் இருக்கிறது. கி.பி. 777-ல் ஏற்படுத்தியது. அங்கே கல் தூண்களும் மண்டபமுமாக அழகான மீன் குளங்கள் உண்டு. மணி அடித்தால் அந்த மீன்கள் இரைக்கு வரும் என்ற பேச்சு இருந்தது. 1890-களில் வியன்னாவைச் சேர்ந்த அலாய்ஸ் கிரைட்ல் என்ற உடலியல் அறிஞர் அதைச் சோதித்துப் பார்த்தார். மணியை அடிப்பவர் மீன்களின் கண்ணில் படாமல் நின்று அடித்தால் மீன்கள் வரவில்லை. மணியே அடிக்காமல் ஓர் ஆள் கரையில் வந்து நின்றால் போதும், அத்தனையும் கூடிவிட்டன. ஆக, மீன்கள் வந்தது ஆளைப் பார்த்துத்தான், அல்லது காலடி அதிர்வை உணர்ந்துதான் என்று அவர் முடிவு கட்டினார். தங்கமீன்களை வைத்துத் தனியாகவும் சோதித்தார். மீனுக்குக் காதால் கேட்கும் சக்தி இல்லை என்பது அவருடைய தீர்ப்பு.

கிரைட்லை நாம் குறை சொல்ல முடியாது. மணிதான் காரணம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, மணியையும் ஆளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதுதான் விஞ்ஞானம். பின்னால் நாம் பார்க்கப்போகும் பாட்டு விஷயத்திலும் இந்தப் புத்திதான் நமக்குத் தேவைப்படும்.

அமெரிக்காவில் ஜி.எச். பார்க்கர் என்பவர் 1903-ல் வேறு விதமாக முயன்றார். தொட்டியின் ஒரு பக்கத்தை மரப்பலகையாக அமைத்து, அதில் பெரிய வயலின் வகை வாத்தியத்தின் தந்தி ஒன்றை இழுத்துக் கட்டி மீட்டினார். உள்ளே இருந்த சிறு மீன்கள் துடுப்பை அசைத்தன. காதுக்குப் போகும் நரம்பை வெட்டிய மீன்களிடம் அந்த அசைவு குறைந்துபோனது. கேட்பது காதுதான் என்று அவர் சொன்னார். ஆனாலும் வாதம் ஓயவில்லை. ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் ஒட்டோ கெர்னர் என்ற காது மருத்துவப் பேராசிரியர் பல வகை மீன்களுக்கு விசில் சத்தம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் செவிடு என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அதே ரோஸ்டாக்குக்கு 1921-ல் விலங்கியல் பேராசிரியராக வந்தார் கார்ல் ஃபான் ஃபிரிஷ். தேனீக்களின் நடன மொழியைக் கண்டுபிடித்து 1973-ல் நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். கெர்னரின் சோதனையில் ஒரு ஓட்டை இருப்பது இவருக்குப் புரிந்தது. விசில் சத்தத்தால் மீனுக்கு என்ன லாபம்? லாபமும் இல்லை, ஆபத்தும் இல்லை என்றால் அது ஏன் அசைய வேண்டும்? தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டால் நாம் எழுந்து போகிறோமா?

ஃபிரிஷ் ஒரு கெளுத்தி இன மீனை எடுத்துக்கொண்டார். அதற்கு க்ஸாவர்ல் என்று பெயர் வைத்தார். நம் சவேரியார் பெயரின் ஜெர்மன் செல்லச் சுருக்கம்! ஆளைப் பார்த்து வருகிறது என்ற கிரைட்லின் ஆட்சேபணை வரக்கூடாது என்பதற்காக மீனின் பார்வை நீக்கப்பட்டிருந்தது. இன்று படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அந்தக் காலத்து முறை அப்படி. மீன் ஒரு மண் குழாய்க்குள் பதுங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் விசில் அடித்துவிட்டுக் குச்சி முனையில் இறைச்சித் துண்டைக் குழாய்க்குள் நீட்டுவார். சில நாட்களிலேயே விசில் கேட்டதும், இறைச்சி வரும் முன்பே, க்ஸாவர்ல் குழாயை விட்டு வெளியே நீந்தி வந்து தேட ஆரம்பித்தது. 1923-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். விசிலடித்தால் வரும் கெளுத்தி என்பதுதான் தலைப்பின் பொருள். கெர்னரை அழைத்து நேரில் காட்டினார். வயதான அந்தப் பேராசிரியரும் பார்த்துவிட்டு, இனிச் சந்தேகமில்லை, விசிலடித்தால் மீன் வருகிறது என்று ஒப்புக்கொண்டார். எத்தனை பெரிய மனிதர் என்று எனக்குத் தோன்றியது.

கெண்டைக்கும் கெளுத்திக்கும் ஏன் இவ்வளவு நன்றாகக் கேட்கிறது? இதன் விடையை இ.எச். வெபர் என்ற ஜெர்மன் அறிஞர் 1820-லேயே கண்டு வைத்திருந்தார். மீனின் வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கிறது அல்லவா? அந்தப் பையில் சத்தம் பட்டால் அது டமாரம் போல அதிரும். கெண்டை, கெளுத்தி இனங்களில் அந்தப் பையிலிருந்து உள்காது வரை சங்கிலி போலச் சிறு எலும்புகள் உள்ளன. அவை அதிர்வைக் காதுக்குக் கடத்துகின்றன. வெபர் எலும்புகள் என்று இவற்றுக்குப் பெயர். நம் கட்லா, ரோகு, மிருகால், தங்கமீன், கோய் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு 3,000 ஹெர்ட்ஸ் வரையிலும் சத்தம் கேட்கும். மனிதர் பேச்சும் பாட்டும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். திலேப்பியா போன்ற மீன்களுக்கு இந்த எலும்புச் சங்கிலி இல்லை. அவற்றுக்குத் தாழ்ந்த சுருதிச் சத்தம்தான் கேட்கும்.

அது மட்டுமல்ல, சில மீன்கள் பாட்டை இனம் பிரிக்கவும் செய்கின்றன. 2001-ல் அமெரிக்காவில் ஆவா சேஸ் என்ற ஆய்வாளர் மூன்று கோய் கெண்டைகளைப் பழக்கினார். ஒரு வகைச் சங்கீதம் ஒலிக்கும்போது பொத்தானை அழுத்தினால் இரை கிடைக்கும், வேறு வகை ஒலிக்கும்போது அழுத்தினால் கிடைக்காது. பாக்கின் செவ்வியல் இசையையும் அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் பாட்டையும் அவை பிரித்தறிந்தன. இதுவரை அவை கேட்காத புதுப் பாட்டுகளைப் போட்டபோதும் சரியாகச் சொல்லின. பிரித்தறிகிறது என்றால் ரசிக்கிறது என்று பொருள் அல்ல. இரைக்காகப் பாடம் படித்தது, அவ்வளவுதான்.

சரி, கேட்கிறது. கேட்டால் வளருமா?

இந்த ஆசை நம் மண்ணிலேயே முளைத்த ஆசை என்பது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கலாம். 1950-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைத் தலைவர் டி.சி.என். சிங், செடிகளுக்கு இசை கேட்கச் செய்து பார்த்தார். ஸ்டெல்லா பொன்னையாவோடு சேர்ந்து, வயலின் நாதம் காசித்தும்பை, தொட்டாற்சிணுங்கி இலைகளில் என்ன மாறுதல் செய்கிறது என்று கட்டுரை எழுதினார். பாட்டு கேட்ட செடி செழிப்பாக வளர்கிறது என்பது அவர் கண்ட முடிவு. உலகம் முழுவதும் அந்தப் பேச்சு பரவியது. செடிக்கு ஆகும் என்றால் மீனுக்கு ஆகாதா என்று கேட்பவர்கள் வரத்தானே செய்வார்கள்?

2003-ல் மலேசியாவின் பினாங்கில் இருந்த உலக மீன் மையத்தின் ‘நாகா’ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் வசந்தா, ஜெயக்குமார், பிச்சை. மூன்றும் நமக்குப் பழகிய பெயர்கள். தொட்டியில் கோய் கெண்டைகளை வளர்த்து, சிலவற்றுக்கு மட்டும் இசை கேட்கச் செய்தார்கள். இசை கேட்ட மீன்களின் வளர்ச்சி கூடுதலாக இருந்தது என்று எழுதினார்கள். தங்கை மகனிடம் ஸ்பீக்கர் விற்க வந்தவர் சொன்னது இந்த மாதிரிச் செய்தியைத்தான்.

அதன்பின் கிரீஸ் நாட்டில் ஏதென்ஸ் வேளாண் பல்கலைக்கழகத்தில் பாபுட்சோக்லு என்பவரும் குழுவினரும் இதை விரிவாக எடுத்துக்கொண்டார்கள். 2007-ல் சாதாரணக் கெண்டைக்கு மொசார்ட்டின் புகழ்பெற்ற இரவு இசைத் துண்டு ஒன்றை நீருக்குள் ஒலிக்கச் செய்து, வெளிச்சத்திலும் இருட்டிலும் வளர்த்துப் பார்த்தார்கள். எடை மட்டும் பார்க்காமல் ரத்தம், ஈரல், மூளை ரசாயனம் வரை சோதித்தார்கள். வளர்ச்சியில் நல்ல மாறுதல் கண்டதாக எழுதினார்கள். பிறகு கடல் மீன்களுக்கும் போட்டார்கள். பின்னாளில், பாட்டு ஒரு தொட்டிக்கு, வெறும் இரைச்சல் இன்னொரு தொட்டிக்கு என்று வைத்தும் ஒப்பிட்டார்கள். அது சரியான திசையில் வைத்த அடி. பாட்டா, அல்லது ஏதோ ஒரு சத்தமா என்பதைப் பிரித்தால்தானே விஷயம் தெரியும்? மணியையும் ஆளையும் பிரித்த கிரைட்லின் வழி அது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அதை விற்பனைக்காரர்கள் சொல்வதில்லை. 1973-ல் அமெரிக்காவில் பானர், ஹையட் என்ற இருவர் கழிமுகத்து மீன்கள் இரண்டு இனங்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் இரைச்சல் மிகுந்த தொட்டியிலும் அமைதியான தொட்டியிலும் வைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் தொட்டியில் குஞ்சுகள் மெதுவாக வளர்ந்தன. ஒரு இனத்தின் முட்டைகள் அதிகம் செத்தன. 2004-ல் தங்கமீன்களைப் பலத்த இரைச்சலில் 21 நாள் வைத்தார்கள். அவற்றின் கேட்கும் திறன் மங்கிப்போனது. இரைச்சலை நிறுத்திய பிறகு காது பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று.

ஆனால் 2007-ல் வானவில் டிரவுட் மீன்களை 8 மாதம் மூன்று அளவு இரைச்சலில் வளர்த்துப் பார்த்தபோது வளர்ச்சியிலோ, சாவிலோ, காதிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2009-ல் அதே இனத்தை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், இரைச்சல் தொட்டி மீன்கள் முதல் மாதம் பின்தங்கி, பிறகு பழகி மற்றவற்றை எட்டிப் பிடித்துவிட்டன. டிரவுட்டுக்கு வெபர் எலும்பு கிடையாது, காது மந்தம். கெண்டைக்கும் அப்படியே இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதில் இன்னொரு வேடிக்கை. மேலே சொன்னேனே செவிக்கல், அதை மெல்லியதாக அறுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையம் போல வளையங்கள் தெரியும். அவற்றில் நாளுக்கு ஒரு வளையமும் இருக்கிறது என்று 1971-ல் பனெல்லா என்ற அறிஞர் காட்டினார். நன்றாக வளர்ந்த நாளில் வளையம் அகலம், வளராத நாளில் நெருக்கம். மீன் தன் வளர்ச்சிக் கணக்கைத் தன் காதுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது!

தங்கை மகன் கேள்விக்கு வருவோம். வெளியே வைத்த ரேடியோவோ செல்போனோ தொட்டி மீனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. காற்றில் வரும் சத்தம் தண்ணீர்ப் பரப்பில் பட்டதும் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடுகிறது. 1,000 பங்கில் ஒரு பங்கு அளவுதான் உள்ளே போகும். ஆனால் தொட்டி நிற்கும் மேஜை மேலேயே ஸ்பீக்கரையோ மோட்டாரையோ வைத்தால் கதை வேறு. அதிர்வு மரத்தின் வழியே, கண்ணாடியின் வழியே நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீருக்குள் சத்தம் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். சின்னத் தொட்டியில் அது சுவருக்குச் சுவர் மோதிக் குழம்பும். ஒரு மூலையில் பலமாகவும் இன்னொரு மூலையில் மெல்லியதாகவும் இருக்கும். அந்த மீன் என்ன கேட்கிறது என்று வெளியே நின்று நம் காதால் கணிக்க முடியாது.

அதனால் அவனிடம் மூன்று விஷயம் சொன்னேன்.

முதலாவது, பாட்டு போடுவதற்கு முன்னால் சத்தத்தைக் குறை. ஏர் பம்பை ரேக்கிலிருந்து இறக்கித் தனியாகத் தொங்கவிடு, அல்லது அடியில் தடித்த பஞ்சு மெத்தை போடு. ஜெனரேட்டரைத் தொட்டி அறையின் சுவரை ஒட்டி வைக்காதே. கண்ணாடியைத் தட்டிப் பார்க்க வருகிறவர்களை விடாதே. இதற்கு நூறு இருநூறு ரூபாய்தான் செலவு. 1973-ல் இரைச்சலில் குஞ்சு நலிந்தது என்று காட்டியிருக்கிறார்கள் அல்லவா? சின்னக் குஞ்சுகள் இருக்கும் தொட்டிக்கு இது முதல் வேலை.

இரண்டாவது, சத்தத்தை இரைக்குச் சைகையாகப் பயன்படுத்து. க்ஸாவர்ல் காட்டிய வழி அது. ஜப்பானில் குஞ்சு பொரிக்க வைத்த கடல் மீன்களை ஒலிக்குப் பழக்கிக் கடலில் விட்டு, அதே ஒலியைக் கொடுத்து இரைக்கு அழைத்திருக்கிறார்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி மெல்லிய சத்தம், உடனே இரை. மீன்கள் ஒன்றாகக் கூடும், இரை வீணாகி அடியில் தங்கி அழுகாது, எந்த மீன் வரவில்லை, எது நோயில் கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். வளர்ச்சிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

மூன்றாவது, அப்படியும் ஸ்பீக்கர் ஆசை விடவில்லை என்றால், வாங்கும் முன் ஒன்றை இரவலாகக் கேள். ஆறு தொட்டி எடுத்துக்கொள். ஒரே தாய்மீனின் குஞ்சுகளை எண்ணி, எடை போட்டு, சமமாகப் பிரித்து விடு. எந்த மூன்று தொட்டிக்குப் பாட்டு என்று சீட்டுக் குலுக்கிப் போடு. இரையை நிறுத்துப் போடு, தண்ணீரை ஒரே நாளில் மாற்று. 60 நாள் கழித்து, எது பாட்டுத் தொட்டி என்று தெரியாத ஒருவரை விட்டு எடை போடச் சொல். ஏனென்றால் பாட்டு போடுகிற தொட்டியை நாம் நம்மை அறியாமலேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்போம், இரண்டு மணி இரை கூடுதலாகவும் விழும். கிரெம்ஸ்மூன்ஸ்டர் மணியைப் போல, நாம் ஒன்றைக் காரணம் என்று நினைப்போம், காரணம் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

"விக்கிறவரு இரவல் தரமாட்டாரு மாமா" என்றான். "அப்ப அதுவே ஒரு பதில்தான்டா" என்றேன். சிரித்தான்.

ஆராய்ச்சி செய்தவர்களை நான் குறைவாகப் பேசவில்லை. வசந்தா குழுவினரும் ஏதென்ஸ்காரர்களும் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. இன்னும் பலர் பல இனங்களை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கெண்டை இனத்துக்குச் சில சூழ்நிலையில் சில சத்தம் நன்மை செய்யலாம். அது ஒரு ஆய்வுக்கூடத்தின் கவனத்தில், வெப்பம், வெளிச்சம், இரை எல்லாம் கட்டுப்படுத்திய தொட்டியில் கண்டது. அதைக் கடன் வாங்கிய பணத்தில் ஒருவன் அப்படியே நம்பி இறங்க முடியாது. அவனுடைய மீன் வளர்வது முதலில் தண்ணீரால், இரையால், நெருக்கடி இல்லாத இடத்தால். பாட்டு அதற்குப் பிறகுதான்.

தங்கை மகன் இப்போது பம்புகளுக்கு அடியில் பழைய பாயை மடித்துப் போட்டிருக்கிறானாம். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் தொட்டி விளிம்பில் ஒரு ஸ்பூனால் இரண்டு தட்டு, பிறகு இரை. நான்காம் நாளே குஞ்சுகள் தட்டுச் சத்தத்துக்கு மேலே வர ஆரம்பித்துவிட்டன என்றான். 40,000 ரூபாய் வங்கியில் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் தொட்டிக் கூரையை மாற்ற அது வேண்டும்.

வாசகர்களில் மீன் வளர்ப்பவர்கள் இருந்தால், உங்கள் மீன்கள் எந்தச் சத்தத்துக்கு வருகின்றன என்று எழுதுங்கள். கை மறைந்திருக்கும்போதும் வருகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.